வளைவில் மட்டும் எரியும் சிவப்பு பிரேக் விளக்கு: ஆயில் ஊற்றுவதா, காரணத்தைத் தேடுவதா?

லயத்துமல்லி (சுங்கை சிப்புட்)

அனைவருக்கும் வணக்கம். எங்களிடம் இருப்பது 2010இல் பதிவான மலேசிய உள்நாட்டுச் சிறு கார்; ஆட்டோ கியர், முன்சக்கரங்களுக்கு டிஸ்க், பின்சக்கரங்களுக்கு டிரம், ஏபிஎஸ் கிடையாது. சில நாள்களாக, தோட்டத்துச் செம்மண் சாலையிலிருந்து லாசா சாலைக்கு இடப்பக்கம் திரும்பும்போது, வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட சிவப்பு விளக்கு எரிந்து, கார் நேரானதும் அணைந்துவிடுகிறது. இறக்கத்தில் பிரேக் மிதித்தாலும் எரிகிறது, சமதரையில் எரிவதில்லை. ஹேண்ட் பிரேக் முழுவதும் இறங்கியிருக்கிறது. பிரேக் பிடிக்கத்தான் செய்கிறது, ஆனால் பெடல் முன்பைவிடச் சற்றுக் கீழே போவதாக எனக்குப் படுகிறது. வீட்டுக்காரருக்கு அப்படிப் படவில்லை.

பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளியில் கொண்டு விடுவது இந்தக் காரில்தான். வீட்டுக்காரர் செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை பார்ப்பதால், பட்டறை திறந்திருக்கும் நேரத்தில் அவர் வேலையில் இருக்கிறார் அல்லது தூங்குகிறார். கடையில் ஒரு போத்தல் பிரேக் ஆயில் வாங்கி ஊற்றினால் விளக்கு அணைந்துவிடும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். ஊற்றலாமா? அதற்கு முன் வீட்டிலேயே எவற்றைப் பார்க்க வேண்டும்? ஸ்பேனர் பெட்டி, ஜேக்கி, சாதாரண மல்டிமீட்டர் ஆகியவை எங்களிடம் இருக்கின்றன.

செம்பனை லாரிக்காரர் (சுங்கை சிப்புட்)

தங்கச்சி, வளைவில் எரிந்து நேரில் அணைந்தால் ஆயில் குறைந்திருக்கிறது என்று பொருள். பிரேக் ஆயில் டாங்கியில் மேல்கோடு வரை ஊற்றுங்கள், விளக்கு அணைந்துவிடும். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பேட் தேயத் தேய ஆயில் இறங்குவது எல்லா வண்டியிலும் நடப்பதுதான், பயப்பட வேண்டியதில்லை. ஒரு போத்தலுக்காகப் பட்டறைக்கு அலைய வேண்டாம்.

பட்டறைக்காரர் (பீடோர்)

லாரிக்கார அண்ணன் சொன்ன முதல் பாதியை ஒப்புக்கொள்கிறேன். டாங்கிக்குள் ஒரு மிதவை இருக்கிறது; அதில் உள்ள காந்தம் அடிப்பக்கத்துச் சுவிட்சை நெருங்கும் அளவுக்கு ஆயில் இறங்கினால் விளக்கு எரியும். ஆயில் எல்லைக்கு மிக அருகில் இருக்கும்போது, வளைவிலும் இறக்கத்திலும் அது ஒரு பக்கமாக ஒதுங்குவதால் மிதவை சற்றே தாழ்ந்து விளக்கு மினுக்கும். தங்கச்சி சொல்லும் அறிகுறி அப்படியே இதற்குப் பொருந்துகிறது.

ஆனால் உடனே ஊற்றுங்கள் என்பதை நான் ஏற்க மாட்டேன். பிரேக் ஆயில் என்ஜின் ஆயிலைப் போல எரிந்து குறைவதில்லை. மூடிய குழாய்களுக்குள் இருக்கும் அது குறைந்தால் இரண்டே இடங்களுக்குத்தான் போயிருக்க முடியும். பேட் தேய்ந்து, பேட்டைத் தள்ளும் கேலிபர் பிஸ்டன் வெளியே வந்திருந்தால், அதன் பின்னால் உண்டான இடத்தை நிரப்பப் போயிருக்கும். இல்லையென்றால் எங்கோ ஒழுகி வெளியே போயிருக்கும். முதலாவது இயற்கையானது, இரண்டாவது ஆபத்தானது. எது என்று தெரிவதற்கு முன் மேல்கோடு வரை ஊற்றிவிட்டால், அந்த ஒழுக்கைச் சொல்லக்கூடிய ஒரே விளக்கை நாமே அணைத்தவர்களாகிறோம். பேட் தேய்ந்ததுதான் காரணம் என்று பின்னால் தெரிந்தாலும், புதுப் பேட் போட பிஸ்டனை உள்ளே தள்ளும்போது கூடுதலாக ஊற்றிய ஆயில் டாங்கியில் வழிந்து பெயின்டைத் தின்றுவிடும்.

ஆகவே, பெடல் கீழே போவதாகப் படும் இந்த நிலையில், காரணம் தெரியும் வரை பிள்ளைகளை இந்தக் காரில் ஏற்ற வேண்டாம் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். இன்றைய கார்களில் பிரேக் இரண்டு தனித்தனிச் சுற்றுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். முன்சக்கர இழுவைக் கார்களில் பெரும்பாலும் ஒரு சுற்று ஒரு முன்சக்கரத்தையும் அதற்குக் குறுக்கே உள்ள பின்சக்கரத்தையும் பிடிக்கும். ஒன்று முழுவதும் காலியானாலும் மற்றொன்று காரை நிறுத்தும். ஆனால் பெடல் வெகு ஆழம் போய்த்தான் பிடிக்கும், நிற்கும் தூரமும் நீளும். அந்த நிலையைச் சாலையில் முதன்முறையாகச் சந்திக்க நேரக் கூடாது.

சோதனையை மின்சாரப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, என்ஜினை ஓட்டாமல் விடுங்கள். சில கார்களில் இந்த நிலையில் விளக்கு சோதனைக்காகத் தொடர்ந்து எரியும். உங்கள் காரில் அப்படியிருந்தால், பார்க்கிங் கியரில் என்ஜினை ஓடவிட்டுச் செய்யுங்கள். ஹேண்ட் பிரேக் பிடியைக் கீழே அழுத்திப் பிடியுங்கள். பிறகு ஒரு விரல் அளவு மட்டும் தூக்கி இறக்குங்கள். அழுத்தினால் அணைந்து, கையை எடுத்தால் எரிகிறது என்றால், பிடிக்கு அடியிலுள்ள சிறிய சுவிட்சில் கோளாறு, ஆயிலில் இல்லை. அடுத்து, ஒருவர் காரின் முன்பக்கத்தைக் கையால் உலுக்கட்டும், மற்றொருவர் விளக்கைப் பார்க்கட்டும். உலுக்கும்போது மினுக்கினால், டாங்கியிலிருந்து வரும் ஒயர் சாக்கெட்டைக் கழற்றிவிட்டு மறுபடி உலுக்குங்கள். இப்போது மினுக்கவில்லை என்றால், விளக்கை எரியவைப்பது மிதவைதான் என்பது உறுதி. இது சாதாரணச் சுவிட்சுள்ள கார்களுக்குப் பொருந்தும். புது மாடல் சிலவற்றில் சாக்கெட்டைக் கழற்றினாலே விளக்கு எரியும்படி அமைத்திருக்கிறார்கள். சோதனை முடிந்ததும் சாக்கெட்டைத் திரும்ப மாட்ட மறக்க வேண்டாம்.

பிறகு டாங்கியை வெளியிலிருந்தே பாருங்கள், மூடியைத் திறக்க அவசியமில்லை. கடைசியாக முன்சக்கரம் இரண்டையும் கழற்றி நான்கு பேட்களின் தடிமனையும் அளந்து எழுதுங்கள். உள்பக்கப் பேட்டைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பிஸ்டன் பக்கம் இருக்கும் அது பல கார்களில் முதலில் தேயும், சக்கரத்தைக் கழற்றாமல் அது கண்ணில் படாது.

கூலிம் வாசி

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் காரில் இதே விளக்கு மேடு பள்ளத்தில் மட்டும் எரிகிறது. ஆயில் மேல்கோட்டில் நிற்கிறது, பேட் புதியது. ஹேண்ட் பிரேக் பிடியைக் கீழே அழுத்திக்கொண்டு ஓட்டினால் எரிவதில்லை.

பட்டறைக்காரர் (பீடோர்)

உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது, கூலிம் நண்பரே. பிடியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் ஒற்றை ஒயரோடு ஒரு சுவிட்ச் தெரியும். பிடி இறங்கும்போது அதன் குமிழ் முழுவதும் அமுங்க வேண்டும். சுவிட்சைத் தாங்கும் தகடு வளைந்திருந்தாலோ, திருகு தளர்ந்திருந்தாலோ, குமிழ் தூசியில் ஒட்டிக்கொண்டிருந்தாலோ நீங்கள் சொல்வது நடக்கும். சுத்தம் செய்து, தகட்டைச் சரியாக வைத்து முடுக்கினால் போதும்.

லயத்துமல்லி (சுங்கை சிப்புட்)

பட்டறைக்கார அண்ணாவுக்கு மிக்க நன்றி. பிள்ளைகள் இப்போது பக்கத்து வீட்டு வேனில் போகிறார்கள். கார் வீட்டு முன்புறத்தில் நிற்கிறது.

நீங்கள் சொன்ன வரிசையிலேயே பார்த்தோம். ஹேண்ட் பிரேக்கை எப்படி அழுத்தினாலும் மாற்றமில்லை. காரை உலுக்கினால் விளக்கு மினுக்குகிறது, டாங்கி சாக்கெட்டைக் கழற்றியபின் மினுக்கவில்லை. கைபேசி வெளிச்சத்தை டாங்கியின் பின்புறம் பிடித்துப் பார்த்தபோது ஆயில் கீழ்க்கோட்டுக்கு இம்மியளவு கீழே நிற்பது நிழலாகத் தெரிந்தது. நிறம் அடர்ந்த பழுப்பு.

பேட் விஷயத்தில்தான் குழப்பமாக இருக்கிறது. நான்கு பேட்களிலும், பின்தகட்டைச் சேர்க்காமல், தேயும் பகுதி மட்டும் 6 மில்லிமீட்டர் இருக்கிறது. மாற்றும்போது புதிதாக 10 மில்லிமீட்டர் இருந்ததாகப் பட்டறையில் சொன்னது நினைவிருக்கிறது. அப்படியானால் பாதிகூடத் தேயவில்லை. இதற்கே ஆயில் கீழ்க்கோட்டுக்கு வந்துவிடுமா?

தொழிற்கல்வி ஆசிரியர் (ஈப்போ)

அம்மா, நீங்கள் அளந்து எழுதியதால் இந்தக் கேள்விக்குக் கணக்குப் போட்டே பதில் சொல்ல முடியும்.

உங்கள் வகைக் கார்களில் முன்சக்கரத்துக்கு ஒற்றைப் பிஸ்டன் கேலிபர்தான் இருக்கும். பிஸ்டனின் விட்டம் 50 மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொள்வோம். சிறு கார்களில் இது 48 முதல் 54 வரை இருப்பது வழக்கம் என்பதால், கணக்கு பெரிதாகப் பிசகாது. அதன் பரப்பு ஏறத்தாழ 19.6 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொரு பேட்டும் 4 மில்லிமீட்டர் தேய்ந்திருக்கிறது. கேலிபர் நகரக்கூடியது என்பதால், உள்பேட், வெளிப்பேட் ஆகிய இரண்டின் தேய்மானத்தையும் அந்த ஒரே பிஸ்டன் ஈடுசெய்ய வேண்டும். ஆக, பிஸ்டன் 8 மில்லிமீட்டர் வெளியே வந்திருக்கும். 19.6ஐ 0.8ஆல் பெருக்கினால் 15.7, அதாவது ஒரு சக்கரத்துக்குச் சுமார் 16 மில்லிலிட்டர், இரண்டுக்கும் சேர்த்து 31 அல்லது 32 மில்லிலிட்டர். டிஸ்க் தேய்மானத்துக்கு மேலும் சில மில்லிலிட்டர் சேர்த்துக்கொள்ளலாம். பின்பக்க டிரம்மில் உள்ளிருந்து உரசும் ஷூ தேய்ந்தாலும், அங்குள்ள அட்ஜஸ்டர் தானே இடைவெளியைச் சரிசெய்துகொண்டே வருவதால், அங்கு போகும் ஆயில் மிகக் குறைவு.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று. மருந்துக் கடையில் 20 மில்லிலிட்டர் ஊசிக்குழல் ஒன்று வாங்குங்கள், ஊசி வேண்டாம். டாங்கி மூடியையும் சுற்றுப்புறத்தையும் ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, பிறகு மூடியைத் திறந்து, சீல் உடைக்காத புதிய போத்தலிலிருந்து அளந்து அளந்து மேல்கோடு வரை ஊற்றுங்கள். மூடியில் டாட் 3 (DOT 3) என்றோ டாட் 4 என்றோ ஆயிலின் தரக்குறி பொறித்திருக்கும், அதையே வாங்குங்கள். எத்தனை மில்லிலிட்டர் பிடித்தது என்று எழுதி வையுங்கள்.

செம்பனை லாரிக்காரர் (சுங்கை சிப்புட்)

ஆசிரியர் ஐயாவின் கணக்கு எனக்கு விளங்குகிறது. ஆனால் பேட் மாற்றிய அன்று ஆயில் மேல்கோட்டில் இருந்தது என்று வைத்துக்கொண்டுதானே இந்தக் கணக்கு நிற்கிறது? பட்டறையில் அன்றைக்கே குறைவாக விட்டிருந்தால் இப்போது கீழ்க்கோட்டுக்கு வருவது இயல்புதானே?

தொழிற்கல்வி ஆசிரியர் (ஈப்போ)

மிகச் சரியான கேள்வி, ஐயா. தொடக்க அளவு தெரியாமல் இந்தக் கணக்கால் எதையும் முடிவு கட்ட முடியாது. அம்மாவுக்கு அது நினைவிருக்கிறதா?

லயத்துமல்லி (சுங்கை சிப்புட்)

நினைவைவிட நல்ல சான்று கிடைத்தது. பேட் மாற்றிய அதே நாளில் பேட்டரியும் மாற்றினோம். பேட்டரியின் உத்தரவாத எண்ணுக்காக வீட்டுக்காரர் எடுத்த படத்தின் ஓரத்தில் பிரேக் டாங்கியும் விழுந்திருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் ஆயில் மேல்கோட்டில் நிற்பது தெரிகிறது. இன்று ஊசிக்குழலால் ஊற்றியதில் 70 மில்லிலிட்டர் பிடித்தது.

தொழிற்கல்வி ஆசிரியர் (ஈப்போ)

அப்படியானால் பேட்டும் டிஸ்க்கும் சேர்ந்து 35 மில்லிலிட்டருக்குக் கணக்குச் சொல்கின்றன. மீதி 35 மில்லிலிட்டருக்கு இன்னும் கணக்கு வரவில்லை. மூடிய ஓர் அமைப்பில் அது பெரிய அளவு. ஒழுக்கு இருக்கிறது என்றே கொண்டு தேடுங்கள், காரை ஓட்டாதீர்கள்.

பட்டறைக்காரர் (பீடோர்)

தேட வேண்டிய இடங்களைச் சொல்கிறேன். நான்கு சக்கரங்களுக்கு அடியிலும், என்ஜினுக்கு அடியிலும் சுத்தமான அட்டை விரியுங்கள். டாங்கியில் ஆயில் நிற்கும் இடத்தில் மெல்லிய டேப் ஒட்டுங்கள். என்ஜினை ஓடவிட்டு, கார் நின்ற நிலையிலேயே பெடலை அழுத்தமாக மிதித்து, சிறிது நேரம் பிடித்து, விடுங்கள். சில முறை இப்படிச் செய்யுங்கள். பிடித்திருக்கும்போது கால் மெதுவாகக் கீழே இறங்குகிறதா என்று கவனியுங்கள். ஆயில் குறையாமலே பெடல் மட்டும் அமிழ்ந்தால், பெடல் தள்ளும் மாஸ்டர் பம்ப்பின் உள்ரப்பர் தேய்ந்து, ஆயில் உள்ளுக்குள்ளேயே திரும்பி ஓடுகிறது என்று கொள்ள வேண்டும். அது வேறு நோய், விளக்கு அதைக் காட்டாது.

மறுநாள் டேப்புக்குக் கீழே இறங்கியிருந்தால், ஒவ்வொரு சக்கரத்தின் உள்பக்கத்தையும், அதாவது காரின் வயிற்றைப் பார்த்திருக்கும் டயர்ச் சுவரை, விரலால் தடவிப் பாருங்கள். பிரேக் ஆயில் வழவழப்பாக இருக்கும், தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் கரைந்துவிடும். கிரீஸ் அப்படிக் கரையாது. முன்பக்க ரப்பர் ஹோஸ்களில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். செம்மண் சாலையில் ஓடும் காரில், அடிப்பக்க இரும்புக் குழாய்களின் மேல் சேறு அப்பி, அதனடியில் துரு பிடித்திருக்கும். பிடிப்பான்கள் இருக்கும் இடங்களைத் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள். காருக்குள் பெடலுக்கு மேலே, பம்ப்பிலிருந்து தண்டு வரும் இடத்தையும் தொட்டுப் பாருங்கள். மாஸ்டர் பம்ப்பின் பின்ரப்பர் கிழிந்தால் ஆயில், பெடல் அழுத்தத்துக்கு உதவும் பூஸ்டருக்குள் போய்த் தேங்கும். தரையில் சொட்டே விழாமல் டாங்கி குறையும்.

ஆனாலும் அனுபவத்தில் சொல்கிறேன்: பத்து வயதைத் தாண்டிய டிரம் பிரேக் கார்களில் நான் முதலில் சந்தேகிப்பது பின்சக்கரத்தில் ஷூவை விரிக்கும் வீல் பம்ப்பைத்தான். ஒழுகும் ஆயில் டிரம்முக்குள்ளேயே தூசியோடு கலந்து நிற்பதால் நெடுநாள் வெளியே தெரியாது.

டிரம் கழற்றுவதற்கு முன் ஒரு கண்டிப்பு. மழை பெய்த மண்தரையில் ஜேக்கி வைக்காதீர்கள், அமிழ்ந்து சாயும். சிமெண்டுத் தரை இல்லையென்றால், தடித்த பலகையை அடியில் போடுங்கள். முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, பார்க்கிங் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்துவிட்டு, பின்பக்கத்தைத் தூக்குங்கள். தூக்கியதும் ஸ்டாண்டு மேல் இறக்கி வையுங்கள். ஜேக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் கை, கால், தலை எதையும் நுழைக்கக் கூடாது. ஸ்டாண்டு இல்லையென்றால் யாரிடமாவது இரவல் வாங்கும் வரை இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

டிரம் துருவேறி ஒட்டியிருந்தால் சுத்தியலால் பலமாக அடிக்காதீர்கள். டிரம் முகத்தில் மரையிட்ட இரண்டு துளைகள் இருக்கும். பெரும்பாலான கார்களில் 8 மில்லிமீட்டர் போல்ட் அதற்குப் பொருந்தும். இரண்டிலும் போல்ட்டைச் செலுத்தி, மாறி மாறிக் கால் சுற்று முடுக்கினால் டிரம் தானே வெளியே வரும். உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதவோ காற்றடிக்கவோ வேண்டாம். பழைய ஷூக்களில் கல்நார் கலந்திருக்கக்கூடும். பிரேக் கிளீனர் தெளித்து, ஈரமாகவே துடையுங்கள்.

லயத்துமல்லி (சுங்கை சிப்புட்)

கண்டுபிடித்துவிட்டோம், அண்ணா. மறுநாள் காலையில் ஆயில் டேப்புக்குக் கீழே இறங்கியிருந்தது. அட்டைகள் எல்லாமே காய்ந்திருந்தன. வீட்டுக்காரர் ஆலையிலுள்ள நண்பரிடம் ஸ்டாண்டு வாங்கி வந்தார். வலப்பக்கப் பின்சக்கர டிரம்முக்குள் காய்ந்த கருந்தூசி மட்டும் இருந்தது.

இடப்பக்க டிரம் அந்த இரண்டு போல்ட் முறையில்தான் வந்தது. கழன்றதுமே மீன் எண்ணெய் போன்ற ஒரு வாடை அடித்தது. ஷூவின் கீழ்ப்பாதி முழுவதும் கருஞ்சேறு படிந்து பளபளத்தது. பின்தகட்டின் அடியில் அதே சேறு வரம்பு கட்டி நின்றது. வீல் பம்ப்பின் இரு முனையிலும் உள்ள ரப்பர் மூடிகளில் முன்பக்கத்து மூடியைச் சிறிய திருப்புளியால் நெம்பியபோது, உள்ளே தேங்கியிருந்த ஆயில் சொட்டாக இல்லாமல் ஒரே கோடாக வழிந்து என் மணிக்கட்டு வரை வந்தது. பின்பக்கத்து மூடிக்குள் ஈரம்கூட இல்லை.

இத்தனை ஆயில் உள்ளே நின்றும் டயரின் உள்சுவர் காய்ந்தேதான் இருந்தது. இனி என்ன செய்வது? அந்த ஷூவை மண்ணெண்ணெயில் கழுவிப் போடலாமா?

பட்டறைக்காரர் (பீடோர்)

கழுவிப் போடக் கூடாது. ஷூவின் உராயும் பகுதி ஆயிலை உள்ளே இழுத்துக்கொள்ளும்; மேலே காய்ந்ததுபோல் தெரிந்தாலும், சூடேறும்போது ஆயில் மறுபடி வெளியே வரும். அந்தப் பக்கம் வழுக்கும், மற்றப் பக்கம் பிடிக்கும், கார் இழுபடும். இரு பக்கத்து ஷூவையும் சேர்த்தே மாற்றுங்கள். வீல் பம்ப் இரண்டையும் மாற்றுவதுதான் என் கருத்து. இரண்டும் ஒரே வயது, இடப்பக்க ரப்பருக்கு நேர்ந்தது வலப்பக்கத்துக்கும் விரைவில் நேரும். உள்ளூர்க் கார்களுக்கு இந்தப் பொருள்கள் எல்லா உதிரிப்பாகக் கடைகளிலும் கிடைக்கின்றன, விலையும் அதிகமில்லை.

இரும்புக் குழாயின் நட்டுதான் இதில் சிக்கலான பகுதி. சாதாரண ஸ்பேனரால் திருகினால் முனைகள் உருண்டுவிடும், அல்லது குழாயே முறுக்கிக்கொள்ளும். குழாய் நட்டுக்கென்று வாய் சற்று மூடிய ஸ்பேனர் விற்கிறது, பெரும்பாலும் 10 மில்லிமீட்டர். துரு நீக்கும் ஸ்பிரேயை முந்தைய இரவே அடித்து ஊறவிட்டு, அந்த ஸ்பேனரைப் பயன்படுத்துங்கள். நட்டு அப்போதும் அசையவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள், நான் வந்து பார்க்கிறேன். குழாய் முறிந்தால் வேலை நான்கு மடங்காகும். ஒரு பக்கத்தை முழுவதும் முடித்துவிட்டு மறுபக்கத்தைத் தொடங்குங்கள். ஸ்பிரிங்குகள் எப்படி மாட்டியிருந்தன என்று ஐயம் வந்தால், பிரிக்காத பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

தொழிற்கல்வி ஆசிரியர் (ஈப்போ)

ஆயில் நிறம் அடர்ந்த பழுப்பு என்று எழுதியிருந்தீர்கள். எப்படியும் குழாய்களுக்குள் புகுந்த காற்றை எடுக்க வேண்டியிருப்பதால், நான்கு சக்கரங்களிலும் பழைய ஆயில் முழுவதும் வெளியேறி, ஆயிலை வெளிவிடும் சிறு திருகான நிப்பிளில் புதிய ஆயில் வரும் வரை தொடருங்கள். இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. புதிய டாட் 3 ஆயில் 205 பாகை செல்சியசுக்குக் குறைந்து கொதிக்கக் கூடாது என்பது விதி, 3.7 விழுக்காடு நீர் சேர்ந்தபின் அதற்கு விதித்த குறைந்த அளவு 140 பாகைதான். டாட் 4 ஆயிலுக்கு இவை 230, 155. நம் நாட்டு ஈரப்பதத்தில் இது ஏட்டுக் கணக்கு அன்று. கேமரன் மலையிலிருந்து ரிங்லெட் வழியாகத் தாப்பாவுக்கு இறங்குகிறவர், கியரைக் குறைக்காமல் நெடுகப் பிரேக்கை மட்டுமே மிதித்து வந்தால், பழைய ஆயில் கேலிபருக்குள் கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கும், பெடல் தரை வரை போகும். அந்த நேரத்தில் டாங்கியில் ஆயில் நிறைவாகவே இருப்பதால், சிவப்பு விளக்கு எரியாது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்வது இதனால்தான்.

தைப்பிங் மாணவன்

ஐயா, அண்ணா, எனக்கும் ஒரு சந்தேகம். அண்மையில் பழைய கார் ஒன்றை வாங்கினேன். அதில் இந்த விளக்கு எப்போதுமே எரிவதில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்தாலும் எரிவதில்லை. கார் நன்றாக ஓடுவதால் விட்டுவிடலாமா?

பட்டறைக்காரர் (பீடோர்)

விட்டுவிட வேண்டாம், தம்பி. ஹேண்ட் பிரேக்கை இழுத்துச் சாவியை ஆன் செய்தால் இந்த விளக்கு கட்டாயம் எரிய வேண்டும். எரியவில்லை என்றால், பல்பு போயிருக்கலாம், ஃபியூஸ் போயிருக்கலாம், அல்லது விற்பதற்கு முன் யாரோ ஒயரைத் துண்டித்திருக்கலாம். விளக்கு தொந்தரவாக இருக்கிறது என்று வெட்டி, டேப் சுற்றி மறைத்த ஒயர்களை நானே பல கார்களில் திரும்ப இணைத்திருக்கிறேன். தனியார் கார்களுக்கு நம் நாட்டில் ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனை இல்லாததால், இத்தகைய வேலைகள் உரிமையாளர் பெயர் மாற்றும் வரை யார் கண்ணிலும் படாமல் கிடந்துவிடுகின்றன. பல்பிலிருந்து தொடங்கி, ஹேண்ட் பிரேக் சுவிட்ச் ஒயரைக் காரின் உடலில் தொட்டுப் பாருங்கள். அப்போது எரிந்தால் ஒயர் நன்றாக இருக்கிறது, சுவிட்ச்தான் கெட்டிருக்கிறது. டாங்கியில் ஆயில் எவ்வளவு இருக்கிறது என்பதை இன்றே பாருங்கள்.

செம்பனை லாரிக்காரர் (சுங்கை சிப்புட்)

தங்கச்சி, காற்றெடுக்க ஆள் தேவைப்பட்டால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். பெடலில் ஒருவர், நிப்பிளில் ஒருவர், டாங்கியில் ஒருவர் இருந்தால் வேலை சுத்தமாக நடக்கும். டாங்கி ஒருமுறை காலியாகிவிட்டால், எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

லயத்துமல்லி (சுங்கை சிப்புட்)

வேலை முடிந்தது. லாரிக்கார அண்ணன் நிப்பிளில் உட்கார்ந்தார், வீட்டுக்காரர் பெடலை மிதித்தார், நான் டாங்கியைப் பார்த்துக்கொண்டேன். குழாய் நட்டு முந்தைய இரவு அடித்த ஸ்பிரேயால் பிரச்சினையின்றித் திரும்பியது. கார்க் கையேட்டில் உள்ளபடி, டாங்கியிலிருந்து மிகத் தொலைவிலுள்ள இடப்பக்கப் பின்சக்கரத்திலிருந்து தொடங்கினோம். நிப்பிளில் மாட்டிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயின் மறுமுனையைக் கொஞ்சம் புது ஆயில் ஊற்றிய போத்தலுக்குள் அமிழ்த்தி வைத்தோம். "மிதி" என்றதும் மிதித்துப் பிடிப்பார், நிப்பிளைத் திறந்து மூடியபின் "விடு" என்றால்தான் காலை எடுப்பார். முதலில் நுரை வந்தது. பிறகு தனித்தனிக் குமிழிகள், அப்புறம் பழுப்புநிற ஆயில், கடைசியில் போத்தலில் உள்ளதைப் போன்ற வெளிர்மஞ்சள். ஒரு குமிழி மட்டும் குழாயின் வளைவில் ஒட்டிக்கொண்டு நகராமல் நின்றது. அது உள்ளிருந்து வந்ததா, குழாயிலேயே இருந்ததா என்று தெரியாததால், அது போகும் வரை தொடர்ந்தோம்.

இப்போது பெடல் மேலேயே பிடிக்கிறது. வீட்டுக்காரரும் மிதித்ததும் வித்தியாசத்தை ஒப்புக்கொண்டார். லயத்துக்குப் பின்னால் உள்ள காலித்திடலில் மெதுவாக ஓட்டி நிறுத்திப் பார்த்தோம், கார் ஒரு பக்கமும் இழுக்கவில்லை. லாசா சாலை வளைவில் விளக்கு எரியவில்லை. டேப் அதே இடத்தில் இருக்கிறது, ஆயிலும் அதே இடத்தில் நிற்கிறது.

எஞ்சியது இரண்டு கேள்விகள். வெளியே எடுத்த பழைய ஆயிலை என்ன செய்வது? போத்தலில் மிஞ்சியிருக்கும் புது ஆயிலை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாமா?

பட்டறைக்காரர் (பீடோர்)

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள், தங்கச்சி. பழைய ஆயிலைக் கால்வாயிலோ மரத்தடியிலோ ஊற்ற வேண்டாம், அது நஞ்சு; பிள்ளைகளுக்கும் நாய்களுக்கும் எட்டாத இடத்தில், பெயர் எழுதிய போத்தலில் அடைத்து வைத்து, கழிவு எண்ணெய் சேர்க்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். திறந்த போத்தலில் மிஞ்சியதும் ஈரத்தை இழுக்கத் தொடங்கிவிட்டது. அடுத்த ஆண்டுக்கு என்று அதை வைக்காதீர்கள். காரின் பெயின்டில் எங்காவது சிந்தியிருந்தால், துடைக்காமல் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். புது ஷூ படிந்து அமரும் வரை ஹேண்ட் பிரேக் சற்று உயரமாக வரலாம். ஒரு மாதம் கழித்து, இடப்பக்க டிரம்மை மட்டும் மறுபடி கழற்றி, வீல் பம்ப் மூடிக்குள் ஈரம் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.